அம்பிகாபதியின் கதையா, கம்பரின் கதையா?

ஜப்பானில் ஆயிரம் வருஷப் பழைய கதை ஒன்று உண்டு. மூங்கில் வெட்டிப் பிழைக்கும் கிழவருக்கு மூங்கிலுக்குள் ஒரு பெண் குழந்தை கிடைக்கிறது. அவள் வளர்ந்து பேரழகியாகிறாள். சக்கரவர்த்தி வரை அவளை விரும்புகிறார்கள். ஆனால் அவள் நிலவுலகத்துப் பெண். ஒருநாள் திரும்பிப் போய்விடுகிறாள். இஸாவ் தகஹாதா இதை 2013ல் அனிமேஷன் படமாக எடுத்தார். காதலித்தவர்களைவிட, வளர்த்த கிழவரும் கிழவியும்தான் பார்த்தவர் மனதில் நிற்கிறார்கள். எனக்கு உடனே நம் அம்பிகாபதி கதை ஞாபகம் வந்தது.

மேற்கு மாம்பலம் ஸ்ரீனிவாசா தியேட்டரில் பழைய படம் பார்த்த தலைமுறைக்கு அந்தக் கதையை விவரிக்க வேண்டியதில்லை. கம்பரின் மகன் அம்பிகாபதி, சோழன் மகள் அமராவதியைக் காதலித்து உயிரைக் கொடுத்தான்.

தமிழ் சினிமா இதை இரண்டு முறை பெரிதாக எடுத்தது. 1937ல் எம்.கே. தியாகராஜ பாகவதரும் எம்.ஆர். சந்தானலட்சுமியும் நடித்தார்கள். டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். வசனம் எழுதிய இளங்கோவனிடம் ரோமியோ ஜூலியட்டை மாதிரியாகக் காட்டினார் என்று சொல்வார்கள். 1957ல் ப. நீலகண்டன் டைரக்‌ஷனில் சிவாஜியும் பானுமதியும் நடித்தார்கள். எம்.கே. ராதா கம்பர்; இசை ஜி. ராமநாதன். இரண்டு படங்களிலும் நடித்த என்.எஸ். கிருஷ்ணன், இரண்டாவது படம் வெளிவருவதற்கு முன்பே, அந்த ஆகஸ்டில், காலமாகிவிட்டார்.

இது உண்மையில் நடந்ததா? கம்பர் எந்தச் சோழன் காலத்தவர் என்பதிலேயே அறிஞர்களுக்குள் கருத்து ஒன்றில்லை. ஒன்பதாம் நூற்றாண்டு என்பாரும் உண்டு, பன்னிரண்டு என்பாரும் உண்டு. இந்தக் காதல் நமக்கு வந்து சேர்ந்தது தனிப்பாடல்கள் வழியாகவும், அவற்றைச் சுற்றி வளர்ந்த கதைகள் வழியாகவும்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அஷ்டாவதானம் வீராசாமி செட்டியார் எழுதிய ‘விநோத ரச மஞ்சரி’ கம்பர் கதைகளை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. ஆக, சரித்திரம் என்பதைவிட கர்ண பரம்பரை என்பதே சரி.

அந்தக் கர்ண பரம்பரைக் கதையைக் கவனித்துப் பாருங்கள். அரண்மனை விருந்தில் அமராவதி பரிமாற வருகிறாள். அவள் அழகில் மயங்கி அம்பிகாபதி வாய்விட்டுப் பாட ஆரம்பித்துவிடுகிறான். பாதிப் பாட்டிலேயே கம்பர் குறுக்கிட்டு, தெருவில் கொட்டிக்கிழங்கு விற்கும் பெண்ணைப் பற்றியது போல அதை முடித்துவிடுகிறார். ராஜா வெளியே ஆளனுப்பிப் பார்க்க, சரஸ்வதியே கிழங்குக்காரியாக நின்றாளாம். பிள்ளை தப்பித்தான்.

அடுத்த முறை தப்பிக்கவில்லை. சிற்றின்பம் கலக்காமல் நூறு பாட்டுப் பாடினால் மன்னிப்பு என்பது நிபந்தனை. ஒளிந்திருந்து எண்ணிய அமராவதி, காப்புச் செய்யுளையும் கணக்கில் சேர்த்துவிட்டாள். தொண்ணூற்றொன்பது முடிந்ததும் நூறு ஆகிவிட்டது என்று நினைத்து முகம் காட்டினாள். அவனும் அவளைப் பார்த்ததும் அவளையே பாடிவிட்டான். கொலைத் தண்டனை. விருந்தில் கம்பரால் பாட்டை மாற்ற முடிந்தது. இங்கே, சபையறியப் பாடி முடித்த பாட்டை அவர் என்ன செய்ய முடியும்?

மகன் இறந்த பிறகு கம்பர் பாடியதாக ஒரு தனிப்பாடல் உண்டு. ராமன் காட்டுக்குத்தான் போனான். கூடவே மனைவி போனாள், ஒரு தம்பி போனான். நாட்டை ஆள இன்னொரு தம்பி இருந்தான். அதற்கே தசரதன் பொறுக்காமல் உயிரை விட்டான். நானோ மகனைப் பறிகொடுத்தும் இருக்கிறேனே, என் நெஞ்சின் உரத்துக்கு யாரை உவமை சொல்வது என்று கேட்கிறார். தசரதன் சாவை அயோத்தியா காண்டத்தில் பாடிய அதே கம்பர் வாயில் இதை வைத்தவர் யாரோ, மனசு தெரிந்தவர்.

சினிமா இதைக் காதலர் கதையாகப் பார்த்தது. வியாபாரத்துக்கு அதுதான் நியாயம். வயசான பிறகு யோசித்தால், அமராவதி எண்ணிய கணக்கைவிட அந்தத் தகப்பன் கேட்ட கேள்விதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.