அடிப்புள்ளி பெயர்ந்த கதை



கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் திருவண்ணாமலை மலை தெரியும். எங்கள் பக்கத்தார் வழி சொல்லுங்கால் அம்மலையைக் கொண்டே சொல்லுவர். பெயராத பொருள் ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றவற்றை அளப்பது மனித இயல்பு. பெயராது என்று நம்பிய அப்புள்ளியே பெயர்ந்துவிட்டால் என்ன ஆகும்? இந்த வினாவை என்முன் வைத்தவள் என் பேத்தி. அவள் கணிப்பொறியில் கட்டடப் படம் வரையும் தொழிலைப் பயின்று வருகிறாள்.

அத்தொழிலில் 'பிளாக்' என்று ஒன்று உண்டு. கதவு ஒன்றை ஒருமுறை வரைந்து, பெயரிட்டு வைத்துவிட்டால், வேண்டிய இடத்திலெல்லாம் அதனைப் பதித்துக்கொள்ளலாம். மூலத்தைத் திருத்தினால் பதித்த படிகள் யாவும் தாமே திருந்தும். அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் ஐவன் சதர்லண்ட் என்பார் 1963-ஆம் ஆண்டில் தந்த 'ஸ்கெட்ச்பேட்' என்னும் ஆய்வில் இக்கருத்து உள்ளது. 1982-இல் தோன்றிய 'ஆட்டோகேட்' அதனை நம் ஊர் வரைபட நிலையங்கள் வரை கொண்டுவந்தது. ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு செருகுபுள்ளி உண்டு. சுவரில் படம் மாட்டுவதற்கு ஆணி எவ்வாறோ, அவ்வாறே அப்புள்ளியைக் கொண்டுதான் பிளாக் தாளில் தொங்குகிறது.

என் பேத்தியின் படத்தில் மூன்றடிக் கதவின் செருகுபுள்ளி கதவின் நடுவில் இருந்தது. கீல் இருக்கும் மூலையில் இருப்பதே பதிப்பதற்கு எளிது என்று கருதி அவள் அதனை மாற்றினாள். அவ்வளவுதான்! "தாத்தா, கதவெல்லாம் நகர்ந்துபோச்சு, காலையில் இந்தப் படம் கொத்தனார் கைக்குப் போகணும்" என்று இரவு ஒன்பது மணிக்கு என்னிடம் வந்து நின்றாள். கணிப்பொறி எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. எனினும், பள்ளியில் நான் பலமுறை நடத்திய பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது.

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், வில்லியம் லாம்ப்டன் என்னும் படைத்துறை அதிகாரி சென்னைப் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலி கொண்டு அளந்தார். 57 நாள் பிடித்தது. சித்திரை, வைகாசி வெயிலில் எஃகு நீளுமே என்பதற்காக வெப்பமானியையும் பார்த்துப் பார்த்து அளந்தனர். அவ்வடிக்கோட்டிலிருந்து முக்கோணத்தின்மேல் முக்கோணமாகக் கோத்துச் சென்ற வேலையே, பின்னாளில் இமயம் வரை சென்ற இந்தியப் பெரு முக்கோண அளவை. (1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது, அரை டன் நிறையுள்ள அவரது கோணமானி மோதிச் சேதமுற்றது, அதனை அவர் தம் கையாலேயே செப்பனிட்டார். அது தனிக்கதை.)

முக்கோணங்கள் ஊருக்கும் ஊருக்கும் இடையே உள்ள தொலைவைச் சொல்லும். அவ்வலை முழுவதையும் பூவுருண்டையில் எங்கே பொருத்துவது? கிழக்கு மேற்கு நிலைக்கு ஆணியாக அமைந்தது சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வு நிலையம். அங்கே 1792-இல் நாட்டிய கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. கிரீன்விச்சிலிருந்து அதன் தீர்க்கரேகை 80 பாகை 17 நிமிடம் 21 வினாடி என்று கொண்டு, இந்தியாவின் படத்தாள்களை வரைந்தனர். வியாழனின் துணைக்கோள்கள் மறைவதைப் பார்த்து நேரம் கணித்த காலம் அது. பிழை நேர்வது இயல்பே. தந்திக்கம்பி வழியே நேரக்குறி அனுப்பும் வசதி வந்தபின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் கணித்தனர். முன்னைய எண் ஏறத்தாழ 2 நிமிடம் 27 வினாடி மிகுதி என்று தெரிந்தது. சென்னையளவில் இது நான்கு கிலோமீட்டருக்கும் மேல்!

சென்னைக்கும் திருவண்ணாமலைக்கும் உள்ள தொலைவில் ஓர் அங்குலமும் மாறவில்லை. ஆயினும், ஊர்கள் யாவும் ஒருங்கே மேற்கு நோக்கிச் செல்ல வேண்டியவாயின. அளவையாளர் செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். சில தாள்களை மட்டும் திருத்தினால் அடுத்த தாளோடு ஓரம் பொருந்தாது. ஆதலின் பழைய எண்ணை அப்படியே விட்டு, இத்தனை கழித்துக்கொள்க என்று தாளின் ஓரத்தில் குறிப்பு எழுதினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிய தாள் வரிசை வகுத்தபோதே திருத்திய எண்ணை ஏற்றனர்.

இதனைச் சொன்னதும், "அப்படியானால் நானும் எல்லாக் கதவையும் ஒரே அளவு பின்னால் தள்ளிவிடுகிறேன்" என்றாள். ஒன்றரை அடி மேற்கே தள்ளினாள். ஒரு சுவரில் இருந்த கதவுகள் தம் இடம் சேர்ந்தன. மற்றவை முன்னினும் மோசமாயின. சில சுவரை விட்டே வெளியேறின. நான் காட்டிய உவமை பாதி வழிதான் வந்தது! நாட்டுப்படத்தில் எல்லாத் தாளும் வடக்கு நோக்கியவை. ஒரே கழித்தல் அனைத்துக்கும் போதும். கதவுகளோ அப்படி அல்ல. ஒன்று நேராக நிற்கும், மற்றொன்று கால்வட்டம் திருப்பிப் பதித்திருக்கும், பிறிதொன்று அரைவட்டம். மூலத்தில் புள்ளி பெயர்ந்தபோது முதற்கதவு கிழக்கே சென்றது, இரண்டாவது வடக்கே, மூன்றாவது மேற்கே. ஒவ்வொன்றையும் அது திரும்பிய கோணத்தின்படியே பின்னுக்குக் கொணர்தல் வேண்டும். இதனைக் கண்டுபிடித்தவள் அவள்தான். நான் தாளில் பென்சிலால் கோணம் போட்டுக் காட்டியதோடு சரி.

நேரமோ பதினொன்றைக் கடந்தது. படத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட கதவுகள். அவள் செய்த மாற்றத்தை நீக்கிப் பழைய மூலத்தை மீட்டாள். கதவுகள் சுவருக்குத் திரும்பின. பிறகு கீல் மூலையைச் செருகுபுள்ளியாகக் கொண்ட புதிய பிளாக் ஒன்றை வேறு பெயரில் அமைத்து, இனி வரையும் அறைகளுக்கு அதனையே பதிப்பது என்று முடிவு செய்தாள். படத்தின் ஓரத்தில், கதவுகள் இருவகை என்று ஒரு வரிக் குறிப்பும் எழுதினாள்.