உயிரும் உயிரல்லதும்: நன்னூலார் வரைந்த எல்லை

உயிர் எது, உயிரல்லாதது எது என்னும் வினா இன்று அறிவியல் வகுப்பின் முதற் பாடமாக உள்ளது. தமிழில் இவ்வினாவை முதலில் எடுத்துக்கொண்டவர்கள் இலக்கண ஆசிரியர்களே. எழுத்துக்குப் பெயரிடும்போதே உயிர், மெய், உயிர்மெய் என்று அவர்கள் வகுத்தனர். உயிரின்றி உடல் இயங்காது என்ற உண்மை தமிழில் அரிச்சுவடியிலேயே அமைந்துவிட்டது.

ஆயினும் சொல்லிலக்கணத்தின் முதற் பிரிவு உயிருள்ளது, உயிரற்றது என்பதன்று. மக்கள் உயர்திணை, மக்களல்லாத பிற அஃறிணை என்பதே தொல்காப்பியரின் பகுப்பு. பசுவும் பாறையும் அங்கே ஒரே திணை. உயிர்களைத் தரம் பிரிக்கும் பணியை அவர் பொருளதிகாரத்து மரபியலுக்கு ஒதுக்கினார். தொடுவுணர்வு மட்டும் உள்ள புல்லும் மரமும் ஓரறிவுயிர். சுவையுணர்வு சேர்ந்த நத்தையும் சிப்பியும் ஈரறிவுயிர். மோப்பம் சேரக் கறையானும் எறும்பும் மூவறிவுயிர். பார்வை சேர நண்டும் தும்பியும் நாலறிவுயிர். செவியும் சேர்ந்த விலங்கு ஐயறிவுயிர். மனமும் உடைய மனிதர் ஆறறிவுயிர்.

இப்பகுப்பு சமணக் கொள்கையோடு ஒத்திருப்பதைக் காட்டித் தொல்காப்பியர் சமணரே என எஸ். வையாபுரிப்பிள்ளை வாதிட்டார். மறுத்தோரும் பலர். ஒற்றுமை உண்மையே, வேற்றுமையும் உண்டு. சமண நூல்கள் மண், நீர், தீ, காற்று ஆகியவற்றையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்பன. தொல்காப்பியரோ புல்லில் தொடங்குகிறார். மண்ணையும் நீரையும் உயிர்ப் பட்டியலில் சேர்க்கவில்லை.

இவ்வினா காஞ்சி வட்டாரத்தில் ஏட்டளவில் நின்றதன்று. ஏனாத்தூர் முதலிய ஊர்கள் சூழ்ந்த காஞ்சியின் ஒரு பகுதியாகிய திருப்பருத்திக்குன்றம், சினகாஞ்சி என்று பெயர் பெற்ற சமண ஊர். அவ்வூர்ச் சமணப் பள்ளிக்குப் பல்லவன் சிம்மவர்மன் அளித்த கொடையைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது. அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் இசை மண்டபத்தை விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387-ஆம் ஆண்டையொட்டிக் கட்டுவித்தார். நீலகேசிக்கு உரை வரைந்த வாமன முனிவரை இவ்வூர் மல்லிசேன வாமனரோடு ஒருவராக வைத்துக் காண்பாரும் உளர். அந்நூலில் பௌத்தரோடு நிகழும் வாதங்களுள் மரத்திற்கு உயிர் உண்டா என்பதும் ஒன்று. கொல்லாமையை உயிராய்க் கொண்ட இரு சமயத்தார்க்கு இது வெறும் சொற்போரன்று. உயிரின் எல்லை எங்கே விழுகிறதோ அங்கேதான் பாவத்தின் எல்லையும் உணவின் எல்லையும் விழும்.

மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், சீயகங்கனின் வேண்டுகோளுக்கிணங்கச் சமணராகிய பவணந்தி முனிவர் நன்னூல் இயற்றினார். அதன் உரியியல் இவ்வினாவை நேர்முகமாகவே எதிர்கொள்கிறது. பொருள் உயிர், உயிரல்லது என இருவகைப்படும். ஓரறிவு முதல் ஐயறிவு வரை உயிர் ஐவகை. மனிதருக்கெனத் தனியே ஆறாம் படி இல்லை. அவர்கள் விலங்கோடும் பறவையோடும் ஐந்தாம் படியிலேயே நிற்கின்றனர். உணரும் இயல்புடையதே உயிர். அஃது ஒழிந்த அனைத்தும், உடல் உட்பட, உயிரல்லாதன. உடலும் உயிரும் ஒன்றுபோல் தோன்றினும் வேறுபட்டவையே என்பது அவர் துணிபு.

அடுத்து அவர் பண்புகளைப் பங்கிடுகிறார். அறிவு, நினைவு, மறதி, அன்பு, அச்சம், நாணம், பொறாமை போன்றவை உயிரின் குணங்கள். பல வடிவங்களும், மணம் இரண்டும், நிறம் ஐந்தும், சுவை ஆறும், தொடுவுணர்வு எட்டும் உயிரல்லாதவற்றின் குணங்கள். உண்ணலும் உறங்கலும் வணங்கலும் உடலோடு கூடிய உயிரின் தொழில்கள். வளர்வதும் சுருங்குவதும், தோன்றுவதும் மறைவதும், நடுங்குவதும் ஒலிப்பதும் உயிருக்கும் உயிரல்லாததற்கும் பொதுத் தொழில்கள்.

இந்தப் பொதுப் பட்டியலே நன்னூலாரின் நுட்பம். வளர்ச்சியும் இயக்கமும் உயிரின் அடையாளங்கள் என்று பள்ளிப் பாடம் தொடங்குகிறது. அவ்விரண்டையும் தனியே சான்றாக ஏற்க அவர் மறுத்துவிடுகிறார். உத்திரமேரூர்ச் சபை பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகளில், ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் தனித்தனியே சொல்லியது. மழையில் பெருகிக் கோடையில் சுருங்கும் ஏரி உயிரன்று. தோட்டத்து மரம் உயிர். திருப்பருத்திக்குன்றத்துக் குரா மரமோ மறுபக்கத்துச் சான்று. அது குறையவும் செய்யாது, உயரவும் செய்யாது என்று போற்றும் வெண்பா ஒன்று அங்கே கல்லில் உள்ளது. வளரும் ஏரிக்கு உயிர் இல்லை. வளராதென்று பாடப்பெற்ற மரத்திற்கு உயிர் உண்டு.

பிற்கால அறிவியலும் இதே இடரில் வந்து நின்றது. உப்புப் படிகம் வளர்கிறது, தீ பரவுகிறது, கோவேறு கழுதை இனம் பெருக்குவதில்லை. 1901-இல் இலண்டன் இராயல் நிறுவனத்தில் சகதீச சந்திர போசு, தூண்டப்பட்ட உலோகமும் செடியும் தசையும் ஒரே வகையாக எதிர்வினை தருவதைக் காட்டி, இரண்டிற்கும் இடையே கோடு கிழிப்பது அரிது என்றார். 1935-இல் வெண்டல் இசுட்டான்லி புகையிலை நோய் வைரசைப் படிகமாக்கினார். குப்பியில் உப்பைப்போல் கிடந்த அது, இலையுள் புகுந்ததும் பெருகியது. தன்னைத் தானே பேணிக்கொண்டு, தலைமுறைதோறும் மாறுதலுற்றுப் பரிணமிக்கும் வேதியியல் அமைப்பே உயிர் என்பது அண்மைக்கால வரையறைகளுள் ஒன்று. அதிலும் வைரசுக்கு உறுதியான இடமில்லை.

உணர்வே உயிர் என்ற நன்னூலார் விடை சமயத்தின் விடை. ஆய்வுக்கூடம் அதனை அளந்து காட்ட இயலாது. ஆனால் ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் கண்டு உயிர் என்று முடிவு செய்தலாகாது என்ற அவரது எச்சரிக்கை எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பழுதுபடவில்லை.

கவிஞருக்கும் அவர் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார். அஃறிணைப் பொருள்கள் கேட்பனபோலவும் பேசுவனபோலவும் செய்யுளில் கூறலாம் என்பது அவர் இசைவு. அதில் உயிர்நாடி 'போல' என்னும் சொல். நிலவோடு பேசும் கவிஞன் நிலவுக்குச் செவியில்லை என்பதை அறிந்தே பேசுகிறான். உயிரின் எல்லையைக் கறாராக வரைந்த அதே கை, பாட்டுக்காக அந்த எல்லையில் ஒரு வாயிலையும் திறந்து வைத்தது.