தோட்டாவைத் தெரிவுசெய்தது யார்? வன்னியில் யானையும் துவக்கும்

காட்டில் விலங்கு தாக்க வந்தால் எந்தத் தோட்டா உதவும்? வட அமெரிக்காவில் இதைப் பற்றி மணிக்கணக்காக விவாதிக்கிறார்கள். கரடிக்குக் கைத்துப்பாக்கி போதுமா, பட்டவுடன் விரிகிற தோட்டா நல்லதா, விரியாமல் ஆழமாகப் போகிற கெட்டி ஈயம் நல்லதா என்று. வன்னியிலும் கரடி இருக்கு, யானை இருக்கு. ஆனால் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு ஒருவர் வந்தால் எங்கட ஆக்களுக்குக் கரடி ஞாபகம் வராது.

என்றாலும் தோட்டாவைப் பற்றிய கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அதைக் கேட்டுத் தெரிவுசெய்யும் வசதி யாருக்கு இருந்தது என்பதைத்தான் நாங்கள் பார்க்க விரும்புகிறோம்.

ஒல்லாந்தர் காலத்தில் வன்னி யானைக்கு உயிரோடுதான் விலை. வன்னியர்கள் திறையாக யானை கொடுத்தார்கள். பிடித்த யானைகள் ஆனையிறவு கடந்து குடாநாட்டுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறின. சுட்டால் நட்டம்.

ஆங்கிலேயர் காலத்தில் கணக்குத் தலைகீழானது. யானையைக் கொன்றால் அரசாங்கம் தலைக்கு இத்தனை ஷில்லிங் என்று சன்மானம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்கும் குறைவான காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ட் 1859இல் எழுதினார். அன்றைய வட மாகாணத்துக்குள் வன்னியோடு அனுராதபுரப் பக்கமும் அடங்கியிருந்தது.

அதே காலத்தில் இலங்கையில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் துவக்குகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அவருடைய ஒரு றைபிள் மட்டும் ஏறத்தாழ 21 இறாத்தல் பாரம். யானையின் மூளை சிறியது. அதுக்கு முன்னால் தேன்கூடு போலத் துளைகள் நிறைந்த தடித்த எலும்பு இருக்கு. மெல்லிய ஈயம் அதில் பட்டால் நசுங்கிப்போகும். அதனால் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் ஈயத்தோடு வெள்ளீயமோ பாதரசமோ கலந்து குண்டைக் கெட்டியாக்கினார்கள். தோட்டாவைத் தெரிவுசெய்தவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குக் காவல்காக்க வயல் இருக்கவில்லை.

வயல் வைத்திருந்தவனிடம் இருந்தது இடியன் துவக்கு. வாய்வழியாகக் கருமருந்தும் சன்னமும் போட்டு இடிக்கிற சாமான். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் துவக்குக்கு அனுமதிப்பத்திரம் கேட்டது. 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. யானையைக் காப்பாற்றச் சட்டம் தேவைதான், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் சன்மானம் கொடுத்துக் கொல்லச் சொன்னதும், பிறகு கொல்லாதே என்றதும் ஒரே கச்சேரிதான். இரண்டு தரமும் வயல்காரனை யாரும் கேட்கவில்லை.

சன்னம் பெரும்பாலும் யானையை உடனே கொல்லாது, தோலுக்குள் தங்கிப் புண்ணாகும். காயப்பட்ட யானை மாதக்கணக்கில் நொந்து திரியும். அடுத்த முறை அது காண்கிற மனிதர், சுட்டவராக இருக்கவேண்டும் என்றில்லை. விறகுக்குப் போன ஒரு அம்மாவாகவும் இருக்கலாம்.

2009க்குப் பிறகு சனம் திரும்பி வந்தபோது பல காணிகள் காடாகிக் கிடந்தன. இப்போது கையில் இருப்பது யானை வெடி, தகரம், பரண், தீ. வெடிச்சத்தம் பழகினால் யானை அசையாது. சட்டவிரோதமான கட்டுத்துவக்கு பன்றிக்கென்று கட்டப்படுகிறது. கயிற்றில் கால் தட்டினால் அது பன்றியா மனுசனா என்று பார்க்காது. சிங்களத்தில் ‘ஹக்கபட்டாஸ்’ என்கிற, தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி யானைக்குட்டிகளின் வாயைச் சிதைக்கிறது. 2019இல் மட்டும் இலங்கை முழுவதும் 405 யானைகளும் 121 மனிதர்களும் இந்த மோதலில் இறந்தார்கள்.

ஆகவே, ‘எந்தத் தோட்டா?’ என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். பெரிய துவக்கு இருந்தவர்கள் காலத்தில் ஆயிரக்கணக்கில் யானைகள் செத்தன, பயிர்ச்சேதம் நிற்கவில்லை. சின்னத் துவக்கு இருந்தவர்கள் காலத்தில் காயப்பட்ட யானைகள்தான் மிஞ்சின. 2020இல் பிரிதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு கொடுத்த தேசியத் திட்டம், காட்டைச் சுற்றியல்ல, ஊரையும் வயலையும் சுற்றி மின்வேலி போடச் சொன்னது. வேலியைப் பராமரிப்பதில் ஊராருக்கே பங்கு கேட்டது. இருநூறு வருட வரலாற்றில் வயல்காரனுக்கு அப்படியொரு இடம் கிடைத்தது குறைவு. அந்த வேலி எங்கட ஊர்களுக்கு எப்போது வரும் என்று பிரதேச செயலகத்தில் கேட்பது, நல்ல தோட்டா தேடுவதைவிடப் பிரயோசனமான வேலை.