கண்மலரும் களிம்பும்

சமயபுரத்தில் கண்ணுக்காக நேர்ந்துகொண்டவர்கள் மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துகிறார்கள். அம்மை கண்டு பிள்ளைகளின் பார்வை போன காலத்தில் அந்த நேர்த்தி வேரூன்றியிருக்கலாம் என்று நினைக்கிறேன். கொள்ளிடத்துக்குத் தெற்கே, ஸ்ரீரங்கம் கோயிலின் ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்ததை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது; தன்வந்திரி சந்நிதி இன்றும் அங்கே உண்டு. திருச்சியில் ஜோசப் கண் மருத்துவமனை 1934இல் தொடங்கியது. ஆக, இந்த வட்டாரத்தில் கண்ணுக்குப் போக்கிடம் இல்லாமல் இருந்ததில்லை. ஆனால் எங்கேயும் நோயாளிதான் தேடிப் போக வேண்டும். புரை விழுந்த முதியவர் அறுப்பு முடிந்து போகலாம். கிட்டிப்புள் தெறித்த, ஈர்க்குச்சி அம்பு பட்ட, கருவேல முள் கீறிய பிள்ளையின் கண் காத்திருக்காது. ஏழைப் பிள்ளைகளின் பார்வையைப் பல நேரம் பறித்தது காயத்தைவிட, காயத்துக்கும் மருந்துக்கும் இடையில் கிடந்த தூரம்தான்.

கருவிழியில் விழுந்த லேசான கீறல், கிருமி நுழையாவிட்டால், ஓரிரு நாளில் தானே ஆறிவிடும். மண்ணிலிருந்தோ பயிரிலிருந்தோ பூஞ்சை ஏறிவிட்டால் புண்ணாகும்; புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று ஊரில் சொல்வது அதைத்தான். சிறு வயதில் பூ விழுந்தால் இழப்பு இரட்டிப்பு: மங்கிய கண்ணை மூளை கைவிட்டுவிடும், பின்னால் தழும்பை நீக்கினாலும் பார்வை முழுதாகத் திரும்பாது. மதுரை அரவிந்த் மருத்துவமனைக்கு 1994இன் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரில் 284 பேருக்கு முன்னதாகக் கண்ணில் அடிபட்டிருந்தது.

பெற்றோரின் அறியாமைதான் காரணம், தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் விட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்பார்கள். சுத்தமில்லாத சாறு கேடுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் கைக்கு எட்டியதைத்தானே விடுவார்கள்? மதுரை மாவட்டக் கிராமங்களில் 48,039 பேர் வாழும் பகுதியில், ஓர் ஆய்வுக்காக, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களிடமே கண் களிம்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். 18 மாதங்களில் 1,365 பேர் கண் காயத்தோடு அவர்களிடம் வந்தார்கள். கருவிழி கீறியிருந்த 374 பேருக்கும் சிக்கலின்றி ஆறியது. 2006இல் வெளியான இந்த முடிவு, கிராமத்தார் கையில் மருந்தைக் கொடுப்பது ஆபத்து என்ற வாதத்துக்கும் பதில்.

களிம்பால் தீராத காயமும் உண்டு. விழியே கிழிந்தால் அறுவை மருத்துவம்தான் வேண்டும். அதற்கும் ஊரிலேயே ஒருவர் தேவை: கண்ணைக் கழுவாமல், அழுத்தாமல், மேலே ஒரு காகிதக் குவளையைக் கவிழ்த்துக் கட்டி, அடுத்த பஸ்ஸிலேயே பிள்ளையைத் திருச்சிக்கு அனுப்பத் தெரிந்த ஒருவர்.