தமிழ்நாடு வாடகைச் சட்டம் (2017)

தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் வீடு, கடை ஆகியவற்றை வாடகைக்கு விடுவதை முறைப்படுத்தும் மாநிலச் சட்டம். முழுப் பெயரில் நில உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளும் பொறுப்புகளும் இடம்பெறுகின்றன. 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அத்துடன் நீங்கியது. பழைய சட்டத்தில் 'நியாய வாடகை'யை அதிகாரி நிர்ணயிக்க வழியிருந்தது. இப்போது வாடகை இரு தரப்பும் பேசி முடிப்பதே. ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்து எண் பெற வேண்டும். வாய்ப்பேச்சில் குடியேறும் வழக்கத்துக்கு இது புதிது.

பலரும் கேட்பது அட்வான்ஸ் பற்றித்தான். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். கூடவே, ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டால் சரி என்றும் விலக்களிக்கிறது. சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் பிழைத்திருப்பது இந்த இடுக்கில்தான். சண்டை வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ உரிமையாளர் துண்டிக்க முடியாது. வழக்குகளுக்கு வாடகை நீதிமன்றமும், மேல்முறையீட்டுக்கு வாடகைத் தீர்ப்பாயமும் உண்டு.