நடிப்பிசைப் புலவரும் நழுவிய முதலிடமும்

நடிகர்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வென்றவர்களின் சரித்திரத்தையே எழுதுகின்றனர். எவர் பெயரைச் சொன்னால் கொட்டகை நிறையுமோ அவரைப் பற்றியே ஏடுகள் நிறைகின்றன. முதலிடம் இவருக்கே என்று நாடு முழுதும் எதிர்பார்த்திருந்தும் அந்த இடத்தில் அமராமற் போனவர்களைப் பற்றி எழுதுவார் அருகியே உள்ளனர். அத்தகையோருள் ஒருவரைப் பற்றி இங்கே சிறிது ஆராய விரும்புகிறோம். நடிப்பிசைப் புலவர் என்று தமிழர் பட்டம் சூட்டி மகிழ்ந்த கே. ஆர். ராமசாமியே அவர். தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம் முதியோரிடம் இப்பெயரைச் சொன்னால் முகம் மலரும்; இளைஞரிடம் சொன்னால், "யார் அவர்?" என்ற கேள்வியே எழும். அந்தக் கேள்விதான் எம்மை எழுதத் தூண்டியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எஸ். ஜி. கிட்டப்பா போன்றோரை நாம் இக்கணக்கிற் சேர்க்கவில்லை. தமிழ் பேசும்படம் பிறந்தது 1931-இல். கிட்டப்பா மறைந்தது 1933-இல். அவரைத் தடுத்தது காலன்; கலையுலகம் அன்று. ராமசாமியின் கதை வேறு. உயிரோடிருந்தார், குரலோடிருந்தார், வாய்ப்பும் வாயில்வரை வந்தது. பிறகும் நழுவிற்று.

1914-இல் கும்பகோணத்தை அடுத்த அம்மாசத்திரத்திற் பிறந்த அவர், பிள்ளைப் பருவத்திலேயே பாய்ஸ் கம்பெனிக்கு ஒப்புவிக்கப்பட்டார். அந்நாளில் அது புதுமையன்று. வீட்டில் உலை ஏறாத குடும்பங்கள் குரல் வளமுள்ள பிள்ளையைக் கம்பெனிக்கு அனுப்பின. பிள்ளைக்குச் சோறும் துணியும், கூடவே ஒரு தொழிலும் கிடைத்தன. வாத்தியாரின் பிரம்படியும் கிடைத்தது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையிலே கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் பாட்டின் ஒவ்வோரெழுத்தும் கேட்கவேண்டும். ஆகவே உச்ச சுருதியிற் பாடாதவன் ராஜபார்ட் ஆக முடியாது. இவ்வளவும் கற்றுத் தேறிய பையனுக்குப் பதினான்கு, பதினைந்து வயதில் மகரக்கட்டு என்னும் குரலுடைவு வந்து சேரும். கொட்டகையைக் கட்டியாண்ட எத்தனையோ சிறுவர் அந்த ஒரே வருஷத்தில் எடுபிடியாட்களாயினர். அவர்கள் பெயர்களை எந்த நோட்டீசிலும் இன்று காணமுடியாது.

ராமசாமி அந்தக் கண்டத்தைக் கடந்தவர். டி. கே. எஸ். சகோதரர்களின் சபையில் வளர்ந்து, என். எஸ். கிருஷ்ணனோடு தோழமை பூண்டு, 1944-இல் 'பூம்பாவை' படத்தில் திருஞானசம்பந்தராக நடித்துப் பாடினார். அவர் வயதொத்தவர்களின் நிலையோடு இதை ஒப்பு நோக்கவேண்டும். எம். ஜி. இராமச்சந்திரன் 1936-இலேயே படத்தில் தலைகாட்டியவர். ஆனால் கதாநாயகனாவதற்கு 1947-இல் 'ராஜகுமாரி' வரும்வரை பதினொரு வருஷங்கள் காத்திருந்தார். ஓட்டப் பந்தயத்தில் ராமசாமியே அன்று முன்னே நின்றார் என்பதில் ஐயமில்லை.

1944-ஆம் ஆண்டின் இறுதியில் லட்சுமிகாந்தன் கொலைவழக்கில் கிருஷ்ணன் சிறைப்பட்டார். அவருடைய நாடகக் குழு கலகலத்தது. ராமசாமி பிரிந்து சென்று, நண்பரின் பெயரையே வைத்துக் 'கிருஷ்ணன் நாடக சபா' என்று ஒன்றைத் தஞ்சையில் நிறுவினார். சிறையிலிருக்கும் நண்பனின் பெயரை விளம்பரப் பலகையில் எழுதுவது அந்த நாளில் இலாபம் தரும் காரியமன்று என்பதை வாசகர் கருதவேண்டும். நாடகக் கம்பெனி நடத்துவது யானை கட்டித் தீனி போடுவதை ஒக்கும். கொட்டகை வாடகை, காட்சிச் சீலைகளுக்கு இரயில் கூலி, நடிகர் அத்தனை பேருக்கும் இருவேளைச் சோறு. மழை ஒரு வாரம் நின்று பெய்தால் அத்தனையும் கடன்.

அந்தச் சபைக்காகவே அறிஞர் அண்ணா 'ஓர் இரவு', 'வேலைக்காரி' நாடகங்களை எழுதிக் கொடுத்தார். அரசரும் தேவரும் உலவிய மேடையிலே வட்டிக்கடைக்காரரும் ஜமீன்தாரும் வேலைக்காரியும் வந்து நின்றனர். பாட்டுக்கு இடையே பேச்சு என்ற நிலை மாறிப் பேச்சுக்கு இடையே பாட்டு என்றாயிற்று. கல்கி ஆசிரியர் அண்ணாவின் கொள்கைக்கு மாறுபட்டவர். அவரே 'ஓர் இரவு' நாடகத்தை மனமாரப் புகழ்ந்தார். எழுதியவரைப் புகழ்ந்தது நியாயமே. ஆயினும் அந்த எழுத்தை ஊர் ஊராகச் சுமந்து சென்ற குரல் ஒன்று உண்டல்லவா? சீர்திருத்தக்காரராகிய நாம் அந்தக் குரலுக்கு உரிய பங்கைக் கொடுக்கத் தவறினோம் என்றே சொல்லுவோம்.

1949 பிப்ரவரியில் ஜூபிடர் பிக்சர்சார் 'வேலைக்காரி'யைப் படமாக வெளியிட்டனர். இயக்கியவர் ஏ. எஸ். ஏ. சாமி, 'ராஜகுமாரி'யை இயக்கியவரும் அவரே. தந்தையைப் பறிகொடுத்த ஆனந்தன் காளியின் எதிரே நின்று, பக்தனாய்த் தொடங்கி, நீதி கேட்பவனாய் மாறிக் குமுறும் காட்சி நாட்டையே உலுக்கிற்று. அதே வருஷம் செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது. கழகத்தின் கருத்துக்கள் கழகம் பிறப்பதற்கு முன்பே வெள்ளித்திரையில் ராமசாமியின் வாயாற் பேசப்பட்டுவிட்டன. முப்பத்தைந்து வயது, இனிய குரல், பேச்சுத்திறன், பின்னால் எழுச்சிகொள்ளும் ஓர் இயக்கம். இனி இவரை மிஞ்சுவார் யார் என்றே எவரும் எண்ணியிருப்பர்.

1951-இல் 'ஓர் இரவு' படமாயிற்று. அதிலே ஒரு சிறு குறிப்பைக் கவனிக்கவேண்டும். ராமசாமி நடித்த அந்தப் படத்தில் மக்கள் நெஞ்சில் நிலைத்தது பாரதிதாசனின் யாழ்ப் பாட்டு. அதைத் திரையிலே காதற்காட்சியாக நடித்தவர் ஏ. நாகேஸ்வரராவ், குரலோ வேறொருவருடையது. பாடத் தெரியாதவனும் பாடகனாகத் தோன்றும் காலம் வந்துவிட்டது. இருபது வருஷம் தொண்டையைப் பழக்கிப் பெற்ற செல்வம், இரவல் வாங்கக்கூடிய பொருளாய்விட்டது.

அடுத்து வந்தது 1952. நேஷனல் பிக்சர்ஸ் பி. ஏ. பெருமாள், ஏ. வி. மெய்யப்ப செட்டியாரின் ஏவி. எம். நிறுவனத்தோடு கூடிப் 'பராசக்தி'யை எடுக்கத் தொடங்கியிருந்தார். கதாநாயகனாக யாரை அமர்த்துவது? செட்டியாரின் மனத்திலிருந்தவர் கே. ஆர். ராமசாமி. பெருமாளோ, நாடகத்தில் நூர்ஜகானாக வேடம் பூண்டு தம் நெஞ்சைக் கவர்ந்த ஓர் இளைஞரே வேண்டும் என்று ஊன்றி நின்றார். படப்பிடிப்புத் தொடங்கிய பின்னும் செட்டியாருக்கு மனம் நிறையவில்லை. மெலிந்த உடம்பும் புதிய முகமும் அவரை அச்சுறுத்தின. பெருமாள் அசையவில்லை. அவ்வாண்டு தீபாவளியன்று, அக்டோபர் 17-இல், படம் வெளிவந்தது. மறுநாள் முதல் கணேசனின் பெயர் தமிழ் வழங்கும் இடமெல்லாம் பரவிற்று.

அந்தக் கணேசன் யார்? ராமசாமியின் சபையிலே பெண் வேடம் தாங்கி நடித்த பையன்களுள் ஒருவர். விதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நாம் விரும்பவில்லை. ஒரு முதலாளியின் பிடிவாதமும் மற்றொரு முதலாளியின் இணக்கமும் சேர்ந்து செய்த தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பு தவறென்று சொல்லவும் நாம் துணியோம்; 'பராசக்தி'யைப் பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்லார். 1954-இல் 'துளி விஷம்' வந்தபோது ராமசாமி நாயகர், கணேசன் வில்லன். பெயர்ப்பட்டியலில் முன்னவர் முன்னே நின்றார். ஆனால் காலம் யார் பக்கம் நிற்கிறது என்பது தெளிவாகிவிட்டது. அண்ணாவின் கதையாகிய 'சொர்க்கவாசல்' அதே ஆண்டில் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நாயகர் வேடங்கள் குறைந்து, பிறகு அரிதாயின.

குறை அவருடைய நடிப்பில் இருந்ததா? மேடை நடிப்பின் சாயல் அவரிடம் மிகுதி என்பார் உளர். அதிற் சிறிது உண்மை உண்டு. ஆனால் கணேசனும் மேடையிலிருந்தே வந்தவர். வயதென்று சொல்வாருக்கு, இராமச்சந்திரன் அவரைவிட மூன்று வயதே இளையவர் என்பதை நினைவூட்டுவோம். எமக்குத் தோன்றுவது இது: மற்றவர்கள் தங்கள் புகழைத் தங்களுக்கே முதலாக வைத்துப் பெருக்கினர், ராமசாமி தம் புகழைக் குழுவுக்கும் கழகத்துக்கும் செலவிட்டார். நாடகம் போட்டு நிதி திரட்டினார், மாநாட்டுக்கு மாநாடு பாடினார். பாடிவிட்டு இறங்கியவரைப் படமுதலாளி தேடி வரவில்லை.

இவர் தனியர் அல்லர். டி. கே. சண்முகம் மேடையில் ஔவையாராகவே வாழ்ந்து, ஔவை சண்முகம் என்றே பெயர் பெற்றவர். ஜெமினியார் 1953-இல் 'ஔவையார்' எடுத்தபோது அந்த வேடம் கே. பி. சுந்தராம்பாளுக்குச் சென்றது. பெண் வேடத்தைப் பெண்ணுக்கு அளித்தது முறையே. அம்மையாரின் இசையும் ஈடற்றது. எனினும் மேடைக்குத் தக்க உண்மை திரைக்கு வேண்டுவதில்லை என்பதைச் சண்முகம் அன்று உணர்ந்திருப்பார். 1961-இல் 'கப்பலோட்டிய தமிழ'னில் சுப்பிரமணிய சிவாவாக அவர் தோன்றியதைக் கண்டவர், இத்தகைய மனிதரைத் திரையுலகம் எவ்வளவு குறைவாகப் பயன்படுத்திற்று என்று வியக்காமலிரார்.

ராமசாமி 1960-இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். நடிகர்கள் சட்டமன்றம் புகுவது அன்று நாட்டுக்குப் புதிது. அந்தப் பாதையிலே முதலில் நடந்தவர்களுள் அவரும் ஒருவர். 1967-இல் அவருடைய கழகம் ஆட்சியைப் பிடித்தது. 1969-இல் அண்ணா மறைந்தார். 1971 ஆகஸ்டில், ஐம்பத்தேழாம் வயதில், ராமசாமியும் மறைந்தார். ஆறாண்டு கழித்து, ஒருகாலத்தில் அவருக்குப் பின்னே காத்திருந்த நடிகர் தமிழ்நாட்டின் முதலமைச்சராய் அமர்ந்தார்.

'வேலைக்காரி'ப் படம் அழியவில்லை. காளியின் எதிரே ஆனந்தன் நிற்கும் அந்தக் காட்சி வரும்போது, வீட்டிலுள்ள இளைஞரைக் கூப்பிட்டுச் சற்று அருகில் உட்காரச் சொல்லுங்கள்.