இருபது வளைவுகளும் இருபது கேள்விகளும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வரலாற்றில் ஆர்வமுள்ள சிலர் சேர்ந்து, ஆண்டுக்கு ஒருமுறை மத்ரஸாவின் விடுமுறை நாளொன்றில் வேன் எடுத்துக்கொண்டு அந்த மலைக்குப் போய் வருகிறோம். உஸ்தாதுகள் மூவர், அரசுப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், புத்தகக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், மேல்வகுப்பு மாணவர்கள் நால்வர். இதுதான் வழக்கமான கூட்டம். அடிவாரத்தில் ஒருவர் வரலாற்றிலிருந்து ஓர் ஆளையோ பொருளையோ மனத்தில் நினைத்துக்கொள்வார். வளைவுக்கு ஒரு கேள்வி. ஆம், இல்லை என்ற இரண்டைத் தவிர அவர் வேறெதுவும் சொல்லக் கூடாது. இருபதாம் வளைவு திரும்புவதற்குள் நாங்கள் விடையைக் கண்டுபிடிக்க வேண்டும். பந்தயம் கிடையாது. தோற்றவர்கள் காப்பி வாங்கித் தர வேண்டும் என்று முதல் ஆண்டு ஒருவர் சொன்னார். அது சூதின் எல்லையைத் தொடும் என்று அப்போதே விலக்கிவிட்டோம். காப்பிச் செலவு பொதுவில்.

சென்ற முறை ஏறும்போது ஓய்வுபெற்ற ஆசிரியரின் முறை. முஸ்லிமா? இல்லை. தமிழரா? இல்லை. அரசரா? இல்லை. ஆயுதம் ஏந்தியவரா? பெரியவர் சற்றுத் தயங்கி, சிரித்துக்கொண்டே "ஆம்" என்றார். அந்தத் தயக்கமே எங்களைத் திசை திருப்பிவிட்டது. ஆறேழு வளைவுகள் படைத்தளபதிகளைத் தேடி வீணாயின. பதினேழாம் வளைவில் புத்தகக்கடை நண்பர்தான் கண்டுபிடித்தார்: ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஆங்கிலேயர். 1863ஆம் ஆண்டு மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில் அவர் கையில் கிடைத்த கல்தான் இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட பழங்கற்காலக் கருவி. அவர் ஏந்திய ஆயுதம் அந்தக் கைக்கோடரி! ஓய்வுக்குப் பிறகு அவர் ஏற்காட்டில் குடியேறினார். 1912இல் கல்கத்தாவில் இறந்த அவருடைய நினைவிடம் ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் இருக்கிறது. அவ்வூர் வழியே பலமுறை போய் வந்தும் எங்களில் பாதிப்பேர் அதை அறிந்திருக்கவில்லை.

மேலே போய், பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு, லேடீஸ் சீட் அருகே அமர்ந்தோம். கீழே சேலம் நகரம் மங்கலாகத் தெரிந்தது. அங்கு விளையாட்டு மாறும்: ஒருவர் கேட்பார், தெரிந்தவர் சொல்வார், சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். இம்முறை கேள்வி கேட்கும் பொறுப்பு நம்முடையது. இம்மலையில் காப்பிப் பயிரை ஊன்றிய கலெக்டர் யார்? 1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன். உடனே வந்தது விடை. ஏமனிலிருந்து ஏழு காப்பி விதைகளைச் சிக்மகளூர் மலைக்குக் கொண்டுவந்ததாக மரபு சொல்லும் ஸூஃபி யார்? பாபா புதன். இதற்கு நான்கு குரல்கள் ஒன்றாக எழுந்தன. மூன்றாவதாக, இந்தச் சேர்வராயன் மலைப்பகுதி மைசூரிடமிருந்து கம்பெனியின் கைக்கு எந்த ஆண்டு போனது என்று கேட்டோம்.

"1799" என்றார் இளைய உஸ்தாத் ஒருவர். "சரி" என்று மதிப்பெண் கொடுத்தோம். திப்பு சுல்தான் 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஷஹீதான செய்தியைச் சேர்த்துச் சொல்லி, சற்று உருக்கமாகவும் பேசினோம். அனைவரும் தலையசைத்தார்கள்.

இருட்டிய பிறகு இறங்கினோம். வேனில் பாதிப்பேர் உறங்கிவிட்டார்கள். பர்கூர்ப் பக்கத்திலிருந்து வந்து நம்மிடம் ஓதும் பதினேழு வயது மாணவன் முன்னிருக்கைக்கு நகர்ந்து வந்தான். "ஹஜ்ரத், அது 1792 இல்லையா?" என்றான். எங்களுக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னதே சரி. "அங்கேயே ஏன்ப்பா சொல்லல?" என்று கேட்டோம். "நீங்க சரின்னு சொன்ன பிறகு நான் எப்படி ஹஜ்ரத் சொல்றது?" என்றான்.

முதலில் வரலாற்றைச் சொல்லிவிடுகிறோம். மூன்றாம் மைசூர்ப் போர் 1792 மார்ச் மாதத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு முடிந்தது. திப்பு தம் ஆட்சிப்பரப்பில் பாதியை இழந்தார். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் இழப்பீடு தர ஒப்புக்கொண்டார். அது முடியும்வரை தம் புதல்வர் இருவரைக் காரன்வாலிஸிடம் பிணையாக ஒப்படைத்தார். கம்பெனி தன் பங்காகப் பெற்றவற்றில் மலபார், திண்டுக்கல், பாரமகால், சேலம் ஆகியவை அடங்கும். கோயம்புத்தூரும் ஓசூர்ப் பக்கமும் திப்புவிடமே இருந்தன. அவைதாம் 1799இல் போயின. ஓசூர் பின்னர் நெடுங்காலம் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்ததால், மாவட்டம் முழுவதற்கும் 1799 என்று நினைத்துக்கொள்வது எளிது. நாம் சறுக்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் உண்மையான காரணம் வேறு. திப்பு என்றவுடன் நம் மனம் அந்த மே 4க்குப் போய் நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகள் நமக்கு இல்லாமலே போய்விடுகின்றன.

அந்த ஏழு ஆண்டுகள் வெறுமையாக இருக்கவில்லை. சேலத்துக்கும் பாரமகாலுக்கும் பொறுப்பேற்ற கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் வயல்களை அளந்து, தீர்வையை விதித்துக்கொண்டிருந்தார்கள். பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் வித்திடப்பட்டது. சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் உழுதவர், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு உயிரோடு ஆட்சி செய்துகொண்டிருந்த காலத்திலேயே, கம்பெனிக்கு வரி கட்டிக்கொண்டிருந்தார். ஒரு வீரரின் மரண நாளை மட்டும் நினைவில் வைத்திருக்கும் சமுதாயத்துக்கு அந்த உழவர் கண்ணில் படுவதில்லை. பர்கூர் பாரமகாலைச் சேர்ந்த ஊர். அந்த மாணவனுக்கு 1792 தன் ஊரின் ஆண்டு. நமக்கோ அது பாடப்புத்தகத்தின் ஒரு வரி.

இனி நம்மை உறங்கவிடாத செய்திக்கு வருகிறோம். ஆண்டுதோறும் நாம் பாடம் நடத்தும் ஹதீஸ் ஒன்று உண்டு. நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் ஒரு புதிர் போட்டார்கள்: இலை உதிராத ஒரு மரம் இருக்கிறது, அது முஸ்லிமுக்கு உவமை, அது எந்த மரம்? தோழர்களின் எண்ணம் பாலைவன மரங்களின் பக்கம் போயிற்று. பேரீச்சை என்று இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளத்தில் தோன்றியது. ஆனால் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) போன்றோர் பேசாமல் இருக்கும் அவையில், பத்துப் பேரில் இளையவராகிய தாம் பேச வெட்கப்பட்டு வாய் திறக்கவில்லை. பிறகு நபியவர்களே விடையைச் சொன்னார்கள்.

இதைப் பெரியோர் முன் அடங்கியிருக்கும் அதபுக்குச் சான்றாகவே நாம் இத்தனை ஆண்டும் சொல்லிவந்தோம். கதை அதோடு முடிவதில்லை என்பது தெரிந்தும் அங்கேயே நிறுத்திக்கொண்டோம். வெளியே வந்த பிறகு மகன் செய்தியைச் சொன்னபோது, நீ அதைச் சொல்லியிருந்தால் எனக்கு இன்னின்ன செல்வம் கிடைப்பதைவிட உவப்பாக இருந்திருக்குமே என்று உமர் (ரலி) அவர்கள் ஏங்கினார்கள். இமாம் புகாரி அவர்கள் கல்வியின் பாடத்தில் இந்த ஹதீஸை ஓரிடத்தில் மட்டும் வைக்கவில்லை. தோழர்களின் அறிவைச் சோதிக்கத் தலைவர் கேள்வி கேட்பது என்ற தலைப்பின் கீழும் வைத்தார்கள். கல்வியில் வெட்கம் என்ற தலைப்பின் கீழும் வைத்தார்கள். வெட்கப்படுபவரும் பெருமையடிப்பவரும் கல்வி பெறமாட்டார்கள் என்ற முஜாஹித் அவர்களின் கூற்று இரண்டாம் தலைப்பின் தொடக்கத்தில்தான் வருகிறது. மாணவனின் வெட்கத்தையும் ஆசிரியரின் பெருமையையும் ஒரே மூச்சில் சொல்வதாக அது நமக்கு இப்போது படுகிறது. முன்பு அப்படிப் பட்டதில்லை.

அதே உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவான பின், பத்ரில் பங்குகொண்ட மூத்தவர்களின் அவையில் இளைஞர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை உட்காரவைத்தார்கள். எங்கள் பிள்ளைகள் வயதினர்தானே இவர் என்று முணுமுணுப்பு எழுந்தது. ஒருநாள் ஸூரத்துன் நஸ்ரின் பொருளை அனைவரிடமும் கேட்டார்கள். சிலர் வெளிப்படையான பொருளைச் சொன்னார்கள், சிலர் பேசவில்லை. பிறகு உமர் அவர்கள் இளைஞரின் பக்கம் திரும்பி, நீரும் அப்படித்தான் சொல்கிறீரா என்று பெயர் சொல்லிக் கேட்டார்கள். இல்லை, அது நபியவர்களின் முடிவுகாலத்தை அறிவிப்பது என்றார் இப்னு அப்பாஸ். நாம் அறிந்ததும் அதுவே என்றார்கள் உமர். அந்த விடை அவையில் ஒலித்ததற்குக் காரணம், கேட்டவர் திரும்பிப் பார்த்துக் கேட்டதுதான். ஏற்காட்டில் நாம் ஒருமுறைகூட மாணவர்கள் அமர்ந்திருந்த பக்கம் திரும்பவில்லை.

கேள்வி கேட்டு அறியும் மரபு தமிழ் முஸ்லிம்களுக்கும் அயலானதன்று. முழுமையாகக் கிடைத்துள்ள தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களில் மிகப் பழையதாகக் கருதப்படுவது, 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிர மசலா'. மசலா என்பது மஸ்அலா, அதாவது கேள்வி. சமையல் மசாலாவோடு அதற்கு உறவில்லை. (ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் யாராவது ஒரு மாணவர் இதைக் கேட்டுவிடுவார்.) யூத அறிஞராக இருந்த அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் நபியவர்களிடம் கேட்ட வினாக்களும் பெற்ற விடைகளுமே அந்நூலின் பொருள். கேட்டவர் அப்போது எதிர்த்தரப்பில் நின்றவர். ஆயினும் அவரது கேள்வி அவமரியாதை என்று கொள்ளப்படவில்லை.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின், வகுப்பில் அனைவர் முன்னும் நம் தவறைச் சொன்னோம். கொடுத்த மதிப்பெண்ணைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். இளைய உஸ்தாத் அதைச் சற்று வருத்தத்தோடுதான் ஏற்றார். விளையாட்டின் விதியையும் மாற்றினோம். இப்போது ஒவ்வொரு கேள்விக்கும் இளையவரிடமிருந்து தொடங்கி வரிசையாகப் பேச வேண்டும். கேள்வி கேட்டவர் கடைசியாகத்தான் வாய் திறக்கலாம். விடையை அறிந்தவர் எங்கிருந்து அறிந்தார் என்றும், ஊகிப்பவர் இது ஊகம் என்றும் சொல்லிவிட வேண்டும். ஆட்டம் மெதுவாகிவிட்டது என்று புத்தகக்கடை நண்பர் குறைபட்டுக்கொள்கிறார். உண்மைதான்.

இந்த ஆண்டு ஏறும்போது அடிவாரத்தில் அந்த மாணவனையே நினைத்துக்கொள்ளச் சொன்னோம். உயிருள்ளதா? இல்லை. மனிதரின் பெயர் தாங்கியதா? ஆம். அவர் இங்கே வந்திருக்கிறாரா? இல்லை. நாங்கள் பார்த்திருக்கிறோமா? ஆம் என்றான், இம்முறை தயங்காமல். இருபதாம் வளைவும் வந்தது, எங்களால் முடியவில்லை. அவன் சன்னலுக்கு வெளியே சாலையோரப் பாறையைக் காட்டினான். சேர்வராயன் மலையின் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே வகைப் பாறை என்பதால், தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் 1893இல் இப்பெயரைச் சூட்டினார். கல்கத்தாவை நிறுவியவர் என்று நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தது அந்தச் சார்னாக்கைத்தான். அது சரியல்ல என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்ததையும் மாணவன் சேர்த்துச் சொன்னான். "எங்கே படிச்சே?" என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் விதிப்படி கேட்டார். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டத் தொடங்கினான்.